வாசித்தவர் பெயரை எழுதுங்கள்

ஒரு திரைப்பாடலில் பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே நாதஸ்வரம் ஒலிக்கிறது. அந்தப் பாடல் பண்பலை வானொலியிலும் யூடியூபிலும் துணிக்கடை விளம்பரத்திலும் ஆண்டுக்கணக்கில் சுற்றி வருகிறது. எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் பெயர்கள் செயலியில் தெரிகின்றன. நாதஸ்வரம் வாசித்தவர் யார் என்று தேடினால் பெரும்பாலும் கிடைப்பதில்லை. ஒலிப்பதிவு நடந்த அன்று கால்ஷீட் கணக்கில் சம்பளம் வாங்கியதோடு அவருக்கும் பாட்டுக்கும் இருந்த உறவு அறுந்துபோகிறது. இசையைத் தொழில்துறையாக வளர்க்கக் கல்லூரிகள் வேண்டும், அரங்குகள் வேண்டும், காப்புரிமைப் பாதுகாப்பு வேண்டும் என்கிறார்கள். வேண்டியவைதான். ஆனால் உழைத்தவரின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறாத வரை, இவற்றில் எதைச் செய்தாலும் அதன் பலன் அவருக்குப் போய்ச் சேர வழியில்லை.

சட்டம் மெதுவாகத்தான் கலைஞரின் பக்கம் வந்திருக்கிறது. 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தை வைத்து 1977இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. காசு கொடுத்து இசையமைக்கச் சொன்ன தயாரிப்பாளரே, மாற்று ஒப்பந்தம் இல்லாவிட்டால், பாட்டின் முதல் உரிமையாளர் என்பது அதன் சாரம். பாடுகிறவருக்குச் சட்டத்தில் எந்த உரிமையும் இல்லாததைச் சுட்டிக்காட்டி, நாடாளுமன்றம் இதைக் கவனிக்க வேண்டும் என்று நீதிபதி கிருஷ்ணய்யர் அப்போதே தனிக் குறிப்பு எழுதினார். நிகழ்த்துநர் உரிமை என்ற ஒன்று 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் வந்தது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் இன்னும் ஒரு படி மேலே போனது. திரையரங்கில் படத்தோடு ஓடுவது தவிர்த்த மற்றப் பயன்பாடுகளுக்கான ராயல்டியைப் பாடலாசிரியரோ இசையமைப்பாளரோ விட்டுக்கொடுப்பதாக எழுதித் தந்தாலும் செல்லாது. நிகழ்த்துநருக்கும் வணிகப் பயன்பாட்டில் ராயல்டி உண்டு. ஆனால் நிகழ்த்துநர் யார் என்று சொல்லும் அதே சட்டப்பிரிவில் அந்தத் திருத்தம் ஒரு விதிவிலக்கையும் சேர்த்தது. திரைப்படத்தில் ஒருவரின் பங்கு தற்செயலானது, சிறியது, தொழில் வழக்கப்படி அவர் பெயரை டைட்டிலில் போடுவதில்லை என்றால், தன் கலையைச் சிதைக்காதே என்று தடுக்கும் உரிமை ஒன்றைத் தவிர வேறெதற்கும் அவர் நிகழ்த்துநர் ஆகமாட்டார். பெயர் போடாத வழக்கம் நீடிக்கிற வரை உரிமையும் இல்லை என்று வாதிட இது இடம் தருகிறது. டைட்டில் கார்டில் ஒரு வரி சேர்வது மரியாதைக்காக மட்டும் என்று நினைப்பவர்கள் இந்த விதிவிலக்கை ஒருமுறை படிக்க வேண்டும்.

பெயர் சொல்வது நமக்குப் புதிதும் அல்ல. அகில இந்திய வானொலியில் கச்சேரிக்கு முன்னும் பின்னும் வயலின் யார், மிருதங்கம் யார், கடம் யார் என்று அறிவிப்பாளர் சொல்வதைக் கேட்டு வளர்ந்த தலைமுறைகள் இங்கே உண்டு. சபா அழைப்பிதழில் பக்கவாத்தியக்காரர் பெயர் விடுபட்டால் குறையாகப் பேசப்படும். அந்த ஒழுங்கு திரையிசைக்கும் கிராமியக் கலைக்கும் வந்து சேரவில்லை. கோயில் கொடையில் பறை அடிப்பவரைக் கைப்பேசியில் படம் பிடித்துத் தன் சேனலில் ஏற்றி ஒருவர் விளம்பர வருமானம் பார்க்கிறார். பறையின் அடவு யாருக்கும் தனிச்சொத்து அல்லதான். ஆனால் அன்றைக்கு அதை அடித்தவருக்கு, அந்த நிகழ்த்தலின் மீது 50 ஆண்டு உரிமையைச் சட்டம் தருகிறது. அவர் சம்மதமில்லாமல் பதிவு செய்வதே தவறு. இப்படி ஓர் உரிமை இருப்பதை அவருக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்?

கல்வியின் வேலை இங்கேதான் தொடங்குகிறது. சென்னையில் 1949இல் தொடங்கிய கர்நாடக இசைக் கல்லூரி முதல் மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் வரை, நாதஸ்வரமும் தவிலும் தேவாரமும் குறைந்த கட்டணத்தில் கற்கும் அமைப்பு நம்மிடம் இருக்கிறது. பல மாநிலங்களுக்கு இந்த வாய்ப்பு இல்லை. இங்கே படித்து வெளியே வருகிற பிள்ளை ஓர் ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடவும், தன் ஒலிப்பதிவுக்கு ஐ.எஸ்.ஆர்.சி. என்ற 12 எழுத்தெண் கொண்ட அடையாளக் குறியீடு வாங்கவும், ராயல்டி வசூலிக்கும் சங்கத்தில் உறுப்பினராகவும் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு ஒரு பருவப் பாடம் போதும். ஒவ்வோர் இசைப்பள்ளியிலும் சிறிய ஒலிப்பதிவு அறை ஒன்று அமைந்தால், நாமக்கல் தவில்காரர் ஒரு பதிவுக்காகச் சென்னைக்குப் பேருந்து ஏற வேண்டியதில்லை. யுனெஸ்கோ 2017இல் சென்னையைப் படைப்பு நகரங்களில் இசைக்கான நகரமாக அறிவித்தது. அந்தப் பெருமை மார்கழியில் மயிலாப்பூருக்கும் தியாகராய நகருக்கும் வெளியே எவ்வளவு தூரம் எட்டியிருக்கிறது என்பதும் கேட்க வேண்டிய கேள்வி.

காப்புரிமை என்றதும், கல்யாண வீட்டில் பாட்டுப் போட்டாலும் காசு கேட்பார்களா என்கிறார்கள். கேட்க முடியாது. திருமண ஊர்வலத்துக்கும் திருமணம் சார்ந்த விழாக்களுக்கும் சட்டமே விலக்குத் தந்திருக்கிறது. டிக்கெட் விற்று நடத்தும் மெல்லிசைக் கச்சேரிக்கு உரிமக் கட்டணம் உண்டு. அதை மேடையேறும் பாடகர் தலையில் கட்டாமல் அமைப்பாளர் கட்டுவதுதான் முறை. சிறிய குழுக்களுக்குக் கட்டணம் குறைய வேண்டும் என்றால் அந்தக் கோரிக்கையில் நியாயம் இருக்கிறது. இன்னொரு மறுப்பு கனமானது. பாரதி பாடல்களின் உரிமையை 1949இல் அரசே வாங்கிப் பின்பு பொதுவாக்கியதுபோல, பாட்டு மக்கள் சொத்தாக வேண்டாமா என்பது அது. பாரதியைப் பொதுவாக்கியது சரியான முடிவு, சந்தேகமே இல்லை. ஆனால் அப்போதும் அவர் குடும்பத்துக்கு அரசு பணம் கொடுத்தே உரிமையைப் பெற்றது. உயிரோடிருந்த பாரதி 1921 வரை பட்ட கஷ்டம் நமக்குத் தெரியும். கலை பொதுவாகட்டும், கலைஞருக்குரிய கூலியை யாரோ ஒருவர் கொடுத்த பிறகு ஆகட்டும்.

வசூலிக்கும் சங்கங்களை நம்பலாமா என்ற ஐயமும் வெறும் சாக்கு அல்ல. அதனால்தான் 2012ஆம் ஆண்டுத் திருத்தம், காப்புரிமைச் சங்கங்களின் நிர்வாகக் குழுவில் படைப்பாளிகளும் உரிமையாளர்களும் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும் என்றது. 2013இல் பாடகர்களுக்காகத் தொடங்கிய சங்கம் இன்று வாத்தியக் கலைஞர்களையும் சேர்த்துக்கொண்டிருக்கிறது. ஆனால் யார் எதில் வாசித்தார் என்ற பட்டியல் இல்லாமல் எவ்வளவு நேர்மையான சங்கத்தாலும் பணத்தைப் பிரித்துத் தர முடியாது.

நலிந்த நிலையில் வாழும் கலைஞர்களுக்குத் தமிழ்நாடு அரசு மாத உதவித்தொகை தருகிறது. அது தொடரட்டும், உயரட்டும். அவர்களில் பலரின் வாசிப்பு இன்றும் எங்கோ ஒலித்துக்கொண்டிருக்கும்போது, அதில் வரவேண்டிய பங்கையும் வாங்கித் தருவது அரசின் கடமை. தொடக்கத்தை அரசே செய்யலாம். சென்னை சங்கமம் கலைவிழாவில் பதிவாகும் ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் வாசித்தவர், பாடியவர், ஆடியவர் அத்தனை பேரின் பெயரையும் எழுதி, அந்தப் பட்டியலைப் பொதுவில் வெளியிடட்டும். அரசு மானியம் கேட்டு வரும் படங்களுக்கும் இதையே நிபந்தனையாக்கட்டும். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை, ஓர் அரசாணை போதும்.