உலர் துறை ஒப்பந்தங்களில் குறைந்த விலை மட்டும் போதாது: எங்கள் நிலைப்பாடு

மயூர் விஹார், தில்லி

அரசுக்குச் சொந்தமான கப்பல்களைப் பழுதுபார்க்க, நீரை வெளியேற்றிவிடும் உலர் துறைக்கு (டிரை டாக்) அனுப்பும்போது, எல்லாரையும்விடக் குறைந்த விலை சொன்னவருக்கே வேலை என்ற முறை போக வேண்டும். பாதுகாப்புக்கான செலவை விலைப் போட்டியில் சேர்க்காமல் தனித் தொகையாக வைக்க வேண்டும். கப்பல் துறைக்குள் நுழைவதற்கு முன்பே வேலைப் பட்டியல் முடிவாகியிருக்க வேண்டும். கப்பல் தொழிலில் காலம் கழித்து, இப்போது மயூர் விஹாரிலும் சுற்றிலும் குடியிருக்கும் தமிழர்களின் அமைப்பு எங்களுடையது. கடல் இங்கிருந்து வெகு தொலைவு. ஆனால் துறைமுகங்கள், கப்பல் போக்குவரத்து, நீர்வழிகள் அமைச்சகம் யமுனைக்கு அக்கரையில் சன்சத் மார்க்கில்தான் இருக்கிறது. எனவே இதைச் சொல்லும் கடமை எங்களுக்கு உண்டு என்று கருதுகிறோம்.

2018 பிப்ரவரி 13 அன்று கொச்சிக் கப்பல் கட்டும் தளத்தின் உலர் துறையில், பழுதுபார்ப்புக்கு நின்றிருந்த ஓ.என்.ஜி.சி.யின் துளையிடும் கப்பல் ‘சாகர் பூஷணின்’ உள்ளே வெடிப்பு நிகழ்ந்தது. காலையில் வேலைக்கு வந்தவர்களில் 5 பேர் வீடு திரும்பவில்லை. எரிவாயுக் கசிவே காரணம் என்று சொல்லப்பட்டது. அதற்கு முன், 2016 டிசம்பர் 5 அன்று, மும்பைக் கடற்படைத் தளத்தில் ‘ஐ.என்.எஸ். பேட்வா’ உலர் துறையிலிருந்து வெளியேறும் வேளையில் பக்கவாட்டில் சாய்ந்தது. 2 மாலுமிகள் உயிரிழந்தனர். 2020 ஜூலையில் சான் டியேகோவில் பராமரிப்பில் இருந்த அமெரிக்கக் கடற்படையின் ‘பான் ஹோம் ரிச்சர்ட்’ நாள்கணக்கில் எரிந்து, கடைசியில் பழைய இரும்பாக விற்கப்பட்டது. அதன் தீயணைப்பு நிலையங்களில் பெரும்பாலானவை அப்போது செயலற்றுக் கிடந்தன என்று விசாரணை கண்டறிந்தது. கடலில் ஓடும்போது தாக்குப்பிடித்த கப்பல்கள், கரையில் பாதுகாப்பாக நிற்பதாக எல்லாரும் நினைத்த நேரத்தில் விபத்துக்குள்ளாயின.

இந்த ஆபத்து எங்கே ஒளிந்திருக்கிறது என்பதைத் தொழிலில் இருந்தவர்கள் அறிவார்கள். மூடிக் கிடந்த பாலாஸ்ட் தொட்டியில் துரு, உள்ளிருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும். மேன்ஹோல் மூடியைத் திறந்ததும் இறங்குபவர் சில நொடிகளில் மயங்கி விழலாம். அதனால் வாயு அளக்கும் மீட்டரின் குழாயை முதலில் தொட்டியின் அடிவரை இறக்கி, மேல், நடு, அடி என்று மூன்று மட்டத்திலும் பார்க்க வேண்டும், ஆக்சிஜன் 20.9 சதவீதம் காட்ட வேண்டும். வெட்டும் வேலை நடக்கிறதென்றால் இன்னொரு கவனம் தேவை. சாப்பாட்டு நேரத்தில் அசெட்டிலின் குழாயைத் தொட்டிக்குள்ளேயே விட்டுவிட்டு மேலே வந்தால், சரியாக மூடாத வால்விலிருந்து வாயு கசிந்துகொண்டே இருக்கும். காற்றில் 2.5 சதவீதம் சேர்ந்தாலே போதும், ஒரு பொறியில் வெடிக்கும். குழாயைக் கழற்றி வெளியே இழுத்து வைக்கவும், ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் புதிதாகக் கேஸ் ஃப்ரீ சான்றிதழ் வாங்கவும், வெல்டருக்குப் பக்கத்தில் தீக்காவலர் ஒருவரை நிறுத்தவும் ஆள் வேண்டும், நேரம் வேண்டும். இரண்டுக்கும் பணம் வேண்டும். விலையைக் குறைத்து டெண்டரை வென்ற ஒப்பந்தக்காரர் முதலில் கைவைப்பது இந்தப் பணத்தில்தான்.

சிக்கனம் வேறு இடத்தில், முன்கூட்டித் திட்டமிடுவதில், கிடைக்கிறது. சர்வதேச விதிப்படி சரக்குக் கப்பலின் அடிப்பாகத்தை 5 ஆண்டுக்கு இரண்டு முறையாவது, இடைவெளி 36 மாதத்தைத் தாண்டாமல், பார்க்க வேண்டும். பயணிகள் கப்பலுக்கு ஆண்டுதோறும். நாள் முன்கூட்டியே தெரியும் என்பதால் அதிர்ச்சிக்கு இடமில்லை. இருந்தும் கப்பல் துறைக்குள் ஏறிய பிறகே தகட்டின் தடிமனை அளக்கிறார்கள். மாற்ற வேண்டிய எஃகு எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக இருக்கிறது, பேரம் புதிதாகத் தொடங்குகிறது, துறை வாடகை நாள்தோறும் ஏறுகிறது. டெயில் ஷாஃப்ட் சீல் போன்ற உதிரிபாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டியிருக்கும். அதுவரை கப்பல் சும்மா நிற்கும். சென்னையிலிருந்து அந்தமானுக்குப் போகிற குடும்பங்கள் அடுத்த கப்பல் எப்போது என்று தெரியாமல் காத்திருப்பதற்கு இப்படிப்பட்ட தாமதங்களும் காரணமாகின்றன.

ஆகவே கப்பல் சேவையில் இருக்கும்போதே அல்ட்ராசோனிக் தடிமன் அளவை முடித்து, அந்த அறிக்கையை டெண்டரோடு தர வேண்டும் என்கிறோம். நீண்ட நாள் எடுக்கும் உதிரிபாகங்களைக் கப்பல் உரிமையாளரே முன்கூட்டி வாங்கி வைக்கட்டும். டாக்கிங் திட்டத்தில், போன முறை கப்பலைத் தாங்கும் பிளாக்குகள் இருந்த இடங்களைக் குறித்து, இம்முறை அவற்றை நகர்த்த வேண்டும். இல்லாவிட்டால் அந்த இடங்கள் பெயிண்ட் காணாமலே அரிக்கும். உள்ளே வந்தபோது எந்தத் தொட்டியில் எவ்வளவு எடை இருந்தது என்பதை எழுதி வைத்து, எஃகு மாறிய பிறகு சமநிலைக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்க்காமல் துறையில் நீர் நிரப்பக் கூடாது. கப்பல் பிளாக்கை விட்டு எழும் அந்தச் சில நிமிடங்களில் தவறினால் திருத்த வழியில்லை.

பாதுகாப்புத் தொகை எல்லா டெண்டர்தாரருக்கும் ஒரே அளவாக இருக்கட்டும். செலவு நடந்ததற்கு ஆதாரம் காட்டினால் மட்டும் கொடுக்கட்டும். பாதுகாப்புக் காரணத்துக்காக வேலை நின்ற நேரத்துக்குத் தாமத அபராதம் கூடாது. இந்த அபராத விலக்கு இல்லாமல் மற்ற எதுவும் நடக்காது என்பது எங்கள் உறுதியான கருத்து. அபராதம் ஓடிக்கொண்டிருக்கும்போது எந்த ஃபோர்மேனும் வேலையை நிறுத்தச் சொல்ல மாட்டார்.

விதி இடம் கொடுக்காது என்று அதிகாரிகள் சொல்வதுண்டு. தர முக்கியத்துவம் உள்ள கொள்முதல் என்று அறிவித்தால், ஆலோசனை அல்லாத சேவைகளிலும் விலை அல்லாத அம்சங்களுக்கு 30 சதவீதம் வரை எடை தரலாம் என்று நிதி அமைச்சகம் 2021 அக்டோபரிலேயே வழிகாட்டிவிட்டது. அதைப் பயன்படுத்தச் சொல்கிறோம். செலவு கூடும் என்ற கவலையும் நியாயமானதே. முதல் டெண்டர் தொகை கூடத்தான் செய்யும். ஆனால் கப்பல் துறையில் நிற்கும் நாள்கள் குறையும், நடுவில் முளைக்கும் கூடுதல் பில்களும் குறையும்.

நாடு இப்போது இத்துறையில் பெரும் பணம் போடுகிறது. கப்பல் பழுதுபார்ப்புக்கான ஜி.எஸ்.டி. 2021 ஜூனில் 5 சதவீதமானது. கொச்சியில் 310 மீட்டர் நீள உலர் துறை 2024 ஜனவரியில் திறந்தது. 2022 ஆகஸ்டில் அமெரிக்கக் கடற்படையின் ‘சார்லஸ் ட்ரூ’ எண்ணூருக்கு வடக்கே காட்டுப்பள்ளிக்குப் பழுதுபார்க்க வந்தது. 2025 செப்டம்பரில் கப்பல் கட்டுதலுக்காக ரூ.69,725 கோடித் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. புதிய துறைகளில் வேலை பார்க்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் ஒப்பந்தத் தொழிலாளர்களாகத்தான் இருப்பார்கள். கப்பலின் சான்றிதழை ஓர் அரசுத் துறையும் தளத்தில் வேலை செய்பவரின் பாதுகாப்பை மாநிலத் தொழிற்சாலைத் துறையும் பார்ப்பதால், விபத்து விசாரணையின் முடிவுகள் மற்ற தளங்களுக்குப் போய்ச் சேருவதில்லை. உயிர்ச்சேதம் இல்லாமல் தப்பிய சம்பவங்கள் உட்பட எல்லா அறிக்கைகளையும் ஒரே இடத்தில், தமிழ் உள்ளிட்ட தொழிலாளர் மொழிகளில், 90 நாளுக்குள் வெளியிடும் பொறுப்பை அமைச்சகம் ஏற்க வேண்டும் என்று கோருகிறோம்.