பெரிய வண்டிக்கு ஏற்ற சக்கரம்

மோட்டார் வண்டி வாங்குவதற்கு முன்னால் நம் குடும்பங்களில் ஆறு மாதம் யோசனை நடக்கிறது. என்ன நிறம், என்ன விலை, பாட்டி ஏறி இறங்கச் சௌகரியப்படுமா என்றெல்லாம் வீட்டிலுள்ளோர் அனைவரும் கூடி ஆலோசிக்கிறார்கள். வண்டி வந்து சேர்ந்த பிறகு வீட்டுப் பிள்ளை, "சக்கரம் பார்வையாக இல்லை, பெரிதாக மாற்றிவிடுகிறேன்" என்கிறான். "உன் இஷ்டம்" என்று பெரியவர்கள் சும்மா இருந்துவிடுகிறார்கள். நிறத்துக்காகச் செய்த யோசனையில் கால் பங்காவது இந்தச் சமயத்தில் செய்வது அவசியம். ஏனெனில், இரண்டரை டன் பாரமும் அதனுள் இருக்கும் குடும்பமும் பூமியைத் தொடுவது நாலு உள்ளங்கையகல ரப்பரில்தான்.

டொயோட்டா ஃபார்ச்சூனர் வைத்திருக்கும் நேயர் ஒருவர், "மலைப் பாதைகளிலும் மணலிலும் போக விரும்புகிறேன், எவ்வளவு பெரிய டயர் போடலாம்?" என்று கேட்கிறார். அவருக்குச் சொல்லும் பதில் இத்தகைய பெரிய வண்டி வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படும்.

முதலில் டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எழுத்தைப் படிக்கத் தெரிந்துகொள்ள வேண்டும். 265/65R17 என்று இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். 265 என்பது டயரின் அகலம். மில்லி மீட்டர் கணக்கு. 65 என்பது அந்த அகலத்தில் நூற்றுக்கு அறுபத்தைந்து பங்கு பக்கச் சுவரின் உயரம் என்று சொல்கிறது. R என்பது ரேடியல். உள்ளிருக்கும் நூல்கள் குறுக்காக ஓடும் இந்த அமைப்பை மிஷலின் கம்பெனியார் 1946-இல் காப்புரிமை பெற்று 1949-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். கடைசியிலுள்ள 17, ரிம்மின் குறுக்களவு. இது மட்டும் அங்குலம். ஒரே வரியில் மில்லி மீட்டரையும் விகிதத்தையும் அங்குலத்தையும் கலந்து வைத்தவர்கள் எந்தப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படித்தார்களோ, நான் அறியேன்! ஆயினும் கணக்கு எளிதுதான்.

265-இல் 65 சதவிகிதம் 172 மில்லி மீட்டர். மேலும் கீழும் இரண்டு சுவர்கள், ஆகவே 344½. 17 அங்குலம் என்பது 432. கூட்டினால் சக்கரத்தின் மொத்த உயரம் ஏறக்குறைய 776 மில்லி மீட்டர். 2016-இல் இந்தியாவுக்கு வந்த இரண்டாம் தலைமுறை ஃபார்ச்சூனரில் சில வகைகளுக்கு இந்த அளவையும், வேறு சிலவற்றுக்கு 265/60R18 என்ற அளவையும் கொடுத்தார்கள். இரண்டாவதைக் கணக்கிட்டுப் பாருங்கள்: 775 வரும். ரிம் ஓர் அங்குலம் பெரிதாகியும் மொத்த உயரம் மாறவில்லை. வண்டியைச் செய்தவர்கள் வேண்டுமென்றே இப்படி அமைத்திருக்கிறார்கள். பற்சக்கரங்கள், பிரேக், வேகமானி எல்லாம் இந்த ஒரு உயரத்தை நம்பியே வேலை செய்கின்றன.

நேயர்களில் பலருக்கு ஆசையுள்ள அளவு 285/70R17. இதன் உயரம் 831. பழையதைவிட 55 மில்லி மீட்டர், அதாவது நூற்றுக்கு 7 பங்கு அதிகம். இதனால் என்ன விளைகிறது? வண்டியின் வயிறு தரையிலிருந்து பாதியளவு, அதாவது 27 மில்லி மீட்டர் உயர்கிறது. இது உண்மையான லாபமே. ஸ்பிரிங்கை உயர்த்தினால் மேற்கூடு மட்டும் உயரும். பின் அச்சின் நடுவிலிருக்கும் பற்சக்கரப் பெட்டியைக் கல்லுக்கு மேலே தூக்கக் கூடியது பெரிய டயர் ஒன்றுதான்.

இனி நஷ்டக் கணக்கு. சக்கரம் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்பதை வைத்தே வேகமானி வேகத்தைச் சொல்கிறது. முன்பு 100 என்று காட்டிய அதே சுற்றில் வண்டி இப்போது 107 போகும், ஓட்டுகிறவருக்குத் தெரியாது. வேகம் 7 பங்கு கூடினால் ஓட்டத்தின் சக்தி 14 பங்கு கூடுகிறது. அத்தனையையும் பழைய பிரேக்தான் அடக்க வேண்டும். அந்தப் பிரேக்குக்கோ, சக்கரம் உயர்ந்ததனால் பிடிப்பு முன்னைவிடக் குறைந்திருக்கிறது. எஞ்சின் இழுவையும் அதே விகிதத்தில் குறைகிறது. ஒரு குழந்தை குறுக்கே ஓடிவரும் விநாடியில் இந்த 7 பங்கும் 14 பங்கும் ஏட்டுக் கணக்காயிராது.

ஆகையால் உயர்வு நூற்றுக்கு மூன்றுக்குப் பக்கத்திலேயே நிற்பது விவேகம். 265/70R17 என்ற அளவு 803 மில்லி மீட்டர் வரும், பழையதைவிட 3.4 பங்கு. தரையிலிருந்து 13 மில்லி மீட்டர் உயர்வு கிடைக்கும்; பெரும்பாலான வேகமானிகள் உள்ளதைவிடச் சற்று மிகைப்படுத்தியே காட்டுவதால் இந்த வித்தியாசம் பெரும்பாலும் அதிலேயே அடங்கிவிடும். ஆயினும் முன் சக்கரத்தை இரு பக்கமும் முழுவதும் ஒடித்து, எங்கும் உராயவில்லையென்று பார்த்த பின்பே பணம் கொடுக்க வேண்டும்.

ரிம்மை மட்டும் பெரிதாக்கலாமே என்பார் சிலர். 2021-இல் வெளிவந்த டொயோட்டா லாண்ட் குரூஸர் 300 வண்டிக்கு 265/65R18, 265/55R20 என்று இரண்டு அளவுகள் உண்டு. உயரம் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் முதலாவதில் ரப்பர்ச் சுவர் 172 மில்லி மீட்டர், இரண்டாவதில் 146. நகரத்துச் சாலையில் குட்டைச் சுவர் வளைவுகளில் ஆடாமல் நிற்கும். பாறையில் மோதினாலோ அடி நேரே ரிம்முக்குப் போய்ச் சேரும். 1941-இல் பெருவாரியாகத் தயாராகத் தொடங்கிய வில்லிஸ் ஜீப்பை நினைத்துப் பாருங்கள். அதன் டயர் அகலம் ஆறே அங்குலம்; ரிம் பதினாறு. ஆயிரத்துச் சொச்சம் கிலோ எடையுள்ள அந்தச் சிறு வண்டிக்கே ஏறக்குறைய 150 மில்லி மீட்டர் ரப்பர்ச் சுவர் இருந்தது. வட ஆப்பிரிக்க மணலையும் பர்மாச் சேற்றையும் அது அப்படித்தான் கடந்தது. அதைப் போல் இரு மடங்குக்கு மேல் கனக்கும் வண்டிக்கு அதைவிடக் குட்டையான சுவர் கரடுமுரடான பாதையில் எப்படிப் போதும்?

மணலில் போகிறவர்களுக்கு இந்தச் சுவர் இன்னொரு விதத்திலும் உதவுகிறது. காற்றைச் சதுர அங்குலத்துக்குப் பதினெட்டு ராத்தல் வரையில் இறக்கினால் டயர் தட்டையாகி, தரையைத் தொடும் இடம் நீளுகிறது. வண்டி மணலில் புதையாமல் மிதந்து செல்கிறது. சுவர் உயரமாயிருந்தால்தான் இப்படி இறக்க முடியும். தார் ரோட்டுக்குத் திரும்பியதும் கதவோரச் சீட்டில் கண்ட அளவுக்குக் காற்றை ஏற்றிவிட வேண்டும். காற்றுக் குறைந்த டயர் வேகத்தில் சூடேறி வெடிக்கும்.

அகலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அகன்ற டயர் பார்வைக்குக் கம்பீரந்தான். மழை நீர் தேங்கிய ரோட்டிலே அது தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போவதற்குப் பதில் தண்ணீரின்மேல் வழுக்கத் தலைப்படுகிறது. ஸ்டியரிங்கும் கனக்கிறது.

கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்க்கிறோம். சக்கரத்துக்கும் சில பொருத்தங்கள் பார்த்தாக வேண்டும்.

முதலாவது போல்ட் பொருத்தம். ஃபார்ச்சூனருக்கு ஆறு போல்ட்டுகள், 139.7 மில்லி மீட்டர் வட்டத்தில். பழைய லாண்ட் குரூஸர் 200-க்கோ ஐந்து போல்ட்டுகள், 150 மில்லி மீட்டர் வட்டத்தில். ஒரே கம்பெனி வண்டிகளாயினும் ஒன்றின் சக்கரம் மற்றொன்றுக்கு ஆகாது.

இரண்டாவது நடுத் துவாரம். அது சக்கரக் குடத்தின்மேல் இறுக உட்கார வேண்டும். துவாரம் பெரிதானால் வளையம் போட்டு நிரப்பாவிடில் வண்டி நடுங்கும்.

மூன்றாவது ஆப்செட் என்னும் எண். சக்கரத்தின் நடுக்கோட்டுக்கும் அது குடத்தில் பதியும் முகத்துக்கும் உள்ள தூரம் இது. 30 என்ற எண்ணுள்ள சக்கரத்தை எடுத்துவிட்டு 0 என்ற எண்ணுள்ளதை மாட்டினால் ஒவ்வொரு பக்கமும் 30 மில்லி மீட்டர் வெளியே தள்ளி நிற்கும். பார்ப்போர் வியக்கலாம். சக்கரத்தின் பேரிங் நாளுக்கு நாள் தேயும். சேறு கதவு முழுவதும் தெறிக்கும்.

நாலாவது பாரம். அளவுக்குப் பின்னால் வரும் 112 என்ற எண், அந்த டயர் 1,120 கிலோ தாங்கும் என்று பொருள்படும். 110 என்றால் 1,060 கிலோ. புதிய டயரின் எண் பழையதற்குக் கீழே போகலாகாது. ஏழு பேரும் மூட்டை முடிச்சுகளும் ஏறும் வண்டியில் இதைப் பார்க்காமல் விடுவது ஆபத்து.

ஐந்தாவது சக்கரத்தையும் மறக்கலாகாது. உபரிச் சக்கரம் அதே அளவில் வேண்டும். வண்டிக்கு அடியிலுள்ள இடத்தில் அது அடங்குகிறதா என்று முன்னதாகவே பார்க்க வேண்டும். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும்போது ஒன்று மட்டும் வேறு உயரத்திலிருந்தால் பற்சக்கரங்கள் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும். வாங்கும்போது பக்கவாட்டிலுள்ள நாலு இலக்க எண்ணையும் பார்த்துக்கொள்ளுங்கள். 3524 என்றால் 2024-ஆம் வருஷத்தின் 35-வது வாரத்தில் செய்தது. கடையில் வெகு நாள் தூங்கிய சரக்கை விலை குறைவென்று வாங்காதீர்கள்.

சட்டத்தின் விஷயமும் உண்டு. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, செய்தவர்கள் குறித்துக் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. ஆகவே உங்கள் வண்டியின் ஏதேனும் ஒரு வகைக்குக் கம்பெனியாரே கொடுத்த அளவைத் தேர்ந்துகொள்வது எல்லாவற்றிலும் நிம்மதியானது. அதைத் தாண்ட விரும்புகிறவர்கள் போக்குவரத்து அதிகாரியையும் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனியையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.

கேள்வி கேட்ட நேயருக்குச் சுருக்கமாக என் யோசனை இதுதான். வருஷத்தில் எத்தனை நாள் மலையிலும் மணலிலும் போகிறீர்கள், எத்தனை நாள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போகிறீர்கள் என்று ஒரு காகிதத்தில் எழுதிப் பாருங்கள். பள்ளிக்கூட நாட்களே மிகுதியென்றால் உள்ள அளவிலேயே கெட்டியான பூவேலையுள்ள டயர் ஐந்து வாங்குங்கள். மலை நாட்களும் உண்மையில் அதிகமென்றால் 17 அங்குல ரிம்மோடு நின்று, சட்ட விசாரணையை முடித்துக்கொண்டு, ரப்பரை ஒரு படி உயர்த்துங்கள். கடைக்குப் போகும்போது கையில் ஓர் அளவுகோலும் பென்சிலும் இருக்கட்டும். பிள்ளையையும் கூட அழைத்துப் போய், கணக்கை அவனையே போடச் சொல்லுங்கள்.