“நீ கங்காணியாம்... நாங்க கொழுந்து எடுக்க வந்தோமாம்”



அடுத்த வருடம் தரம் ஒன்றுக்கு வரப்போகும் பிள்ளைகளைப் பற்றி ஒரு விஷயம் பேச வேண்டியிருக்கிறது. கொஞ்சம் நீளம். தேத்தண்ணி ஒன்றை ஊற்றி வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

எங்கள் பக்கத்தில் ஒரு முன்பள்ளியில் விளையாட்டு மூலையை எடுத்துவிட்டார்கள். அங்கே பெரிய சாமான் ஒன்றும் இருக்கவில்லை. ஒரு பழைய கொழுந்துக் கூடை, இரண்டு அலுமினியச் சட்டி, கிழிந்த சேலை ஒன்று, வேலை செய்யாத ஒரு போன். அவ்வளவுதான். இப்போது அந்த இடத்தில் மேசை போட்டு, பிள்ளைகள் கொப்பியில் அ, ஆ எழுதுகிறார்கள். ஏன் என்று கேட்டால், பெற்றோர்தான் கேட்டார்களாம். “விளையாடவா சல்லி கட்டி அனுப்புறோம்? அது லயத்துலயே நடக்குதே!”

அப்படிக் கேட்டவர்களை நாங்கள் குறை சொல்ல வரவில்லை. கொழுந்துக் கூடையை விட்டு வெளியே போக எழுத்து ஒன்றுதான் வழி என்று கண்ட சனம் இது. பிள்ளை ஐந்து வயதிலேயே எழுதினால், புலமைப்பரிசில் பரீட்சையில் ஒரு படி முன்னால் நிற்கும் என்று நினைக்கிறார்கள். அந்த ஆசையில் பிழை இல்லை. ஆனால் அந்த மூலையில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று யாரும் போய்க் காது கொடுத்துக் கேட்கவில்லை. அங்கே பிள்ளைகள் கதை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

நம்முடைய பிள்ளைகள் விளையாட்டைத் தொடங்கும் விதத்தைக் கவனித்திருக்கிறீர்களா? “நீ கங்காணியாம். நாங்க கொழுந்து எடுக்க வந்தோமாம். மழ வந்துச்சாம். ஒன்னைய அட்ட கடிச்சிருச்சாம்.” வார்த்தைக்கு வார்த்தை ஒரு ‘ஆம்’. இதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. மூன்றரை, நாலு வயதில் தானாக வந்துவிடுகிறது. டவுனில் கடை வைத்திருக்கும் எங்கள் ஆட்களின் பிள்ளைகளும் இதையேதான் செய்கிறார்கள். “நான் உம்மாவாம், நீ பக்கத்து வீட்டு ராத்தாவாம்.” பாடசாலை வாசலில் இரண்டு கூட்டமும் சேர்ந்து விளையாடும்போது லயத்துப் பிள்ளை ‘உம்மா’ ஆகிறது, கடைக்காரர் வீட்டுப் பிள்ளை ‘அம்மாயி’ ஆகிறது. பெரியவர்கள் கூட்டம் போட்டு நல்லிணக்கம் பேசுகிறோம். இதுகள் அதற்கு நேரம் செலவழிப்பதில்லை.

அந்த ‘ஆம்’ எங்கே இருந்து வருகிறது? அம்மாயி சொல்லும் கதையில் இருந்து. “ஒரு ஊர்ல ஒரு ராசா இருந்தாராம். அவருக்கு ரெண்டு பொஞ்சாதியாம்.” நாம் நேரே காணாததை, இன்னொருவர் சொல்லக் கேட்டதைச் சொல்லும்போது தமிழில் ‘ஆம்’ போடுகிறோம். பிள்ளை அதே ‘ஆம்’ஐ எடுத்து, நடக்காத ஒன்றை நடந்தது போல நிறுத்துவதற்குப் பாவிக்கிறது. “இது நெசமில்ல, ஆனா நெசம் மாதிரி எடுத்துக்க” என்ற முழு ஒப்பந்தமும் அந்தச் சின்னச் சொல்லுக்குள் இருக்கிறது. விளையாட்டு முறிந்தால் ‘ஆம்’ உடனே போய்விடும். “ஏய், நெசமாவே வலிக்குது!” இலக்கணத்தில் இதை விளக்கப் போனால் நமக்கு ஒரு பக்கம் வேண்டும். நாலு வயதுப் பிள்ளை ஓட்டத்திலேயே செய்கிறது.

கதைக்கு என்னவெல்லாம் தேவை? ஆட்கள் வேண்டும், இடம் வேண்டும், ஒன்றுக்குப் பின் ஒன்று நடக்க வேண்டும், ஏன் நடந்தது என்று ஒரு காரணம் வேண்டும். இஸ்தோப்பில் நடக்கும் கொழுந்து நிறுவையில் இவை எல்லாமே இருக்கின்றன. ஒரு பிள்ளை மட்டக்கம்பைக் கையில் வைத்துக்கொண்டு, “பதினெட்டு கிலோ இல்ல. அரப்பேருதான் போடுவேன்” என்கிறது. மற்றது விடுவதில்லை. “மழ பேஞ்சிச்சு ஐயா, புள்ளக்கி காச்ச ஐயா, கொஞ்சம் பாத்துப் போடுங்க.” மூன்றாவது பிள்ளை திடீரென்று தொரையாக மாறி ஜீப்பில் வந்து இறங்குகிறது. கங்காணியின் குரல் அந்த நிமிடமே குழைந்துவிடுகிறது. தோட்டத்தில் யார் யாருக்கு எப்படிப் பேச வேண்டும், எந்த இடத்தில் குரலை உயர்த்தலாம், எந்த இடத்தில் கெஞ்ச வேண்டும் என்ற கணக்கு முழுவதும் அதுகளுக்குத் தெரிகிறது. மாசியில் காமன் கூத்து பார்த்துவிட்டு வந்தால் அடுத்த ஒரு வாரத்துக்கு லயத்து வாசலில் மன்மதன் எரிவதும் எழும்புவதுமாகத்தான் இருக்கும். யாருடைய துவாய் எரிகிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி மேசைக்கு வருவோம். எங்களிடம் வரும் பிள்ளைகளில் சில 247 எழுத்தும் எழுதும். “நேத்து வீட்டுல என்ன மகன் நடந்துச்சு?” என்று கேட்டால் வாய் திறக்காது. தரம் மூன்று, நாலில் ‘எனது பாடசாலை’ என்று ஐந்து வசனம் எழுதச் சொன்னால் பாடமாக்கியதை அப்படியே எழுதும். தலைப்பைக் கொஞ்சம் மாற்றிக் கொடுத்தால் பேனை நின்றுவிடும். எழுத்து இருக்கிறது, சொல்வதற்கு ஒன்றைக் கோர்க்கும் பழக்கம் இல்லை. அதற்குப் பெற்றோர் டியூஷன் தேடுகிறார்கள். அந்தப் பழக்கத்தைச் சும்மா கொடுத்த மூலையைத்தான் எடுத்துவிட்டு மேசை போட்டிருக்கிறோம்.

இது எங்கள் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. 1990களின் கடைசியில் வந்த கல்விச் சீர்திருத்தத்திலிருந்தே ஆரம்பப் பிரிவின் பாடத்திட்டம் விளையாட்டு, செயற்பாடு, மேசை வேலை என்று மூன்று வழிகளைச் சொல்கிறது. தரம் ஒன்றிலும் இரண்டிலும் விளையாட்டுக்குத்தான் பெரிய பங்கு. மேசை வேலை வகுப்பு ஏற ஏறக் கூடும். அரசாங்கம் தரம் ஒன்றிலேயே விளையாடச் சொல்லும்போது, அதற்கு முந்திய முன்பள்ளி மேசையில் கட்டிப்போடுவது என்ன கணக்கு?

அடுத்தது பேசக் கொஞ்சம் சங்கடமான விஷயம். பிள்ளை எப்போதும் ராசா கதையா விளையாடுகிறது? குடித்துவிட்டு வரும் அப்பாவை விளையாடுகிறது. தள்ளாடி வந்து சட்டியை எட்டி உதைக்கிறது. பேக்கைத் தூக்கிக்கொண்டு “அம்மா குவைத் போறேன், அழக்கூடாது, பொம்ம வாங்கி அனுப்புவேன்” என்று சொல்லிவிட்டு லயத்துக் கோடி வரை போய்த் திரும்பி வருகிறது. பார்த்துக்கொண்டிருக்கும் பெரியவர்களுக்குச் சுருக்கென்று படுகிறது. அக்கம்பக்கம் பார்க்குதே என்ற வெட்கம். உடனே ஒரு அடி. “இதெல்லாம் ஒரு வெளாட்டா?”

அடிக்காதீர்கள். அது உங்களைக் கேலி செய்யவில்லை. தனக்கு விளங்காத ஒன்றைத் தன் கைக்கு அடக்கமான அளவில் செய்து பார்க்கிறது. வீட்டில் நிசமாக நடக்கும்போது அதனால் ஒன்றும் செய்ய முடியாது. விளையாட்டில் முடியும். அங்கே அம்மா லயத்துக் கோடியிலிருந்து திரும்பி வருவாள். அப்பா உதைத்த சட்டியை அப்பாவே எடுத்து வைப்பார். பிள்ளை கேட்கும் முடிவு என்னவென்று அங்கேதான் நமக்குத் தெரியவரும், நாம் நின்று பார்த்தால்.

2025 நவம்பரில் டித்வா புயல் வந்து மலை சரிந்த பிறகு இதை எல்லோருமே கண்டிருப்பீர்கள். முகாமாக இருந்த பாடசாலைகளின் விறாந்தையிலேயே பிள்ளைகள் மண்சரிவு விளையாடின. போர்வையைக் குவித்து, “மல வருதாம், ஓடு ஓடு!” என்று கத்தின. பெரியவர்கள் பதறிப்போய், “வாய மூடு, தரித்திரம்!” என்றார்கள். பதற்றம் விளங்குகிறது. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியாபெத்தையில் லயங்களை மண் மூடியதை நம்மில் யாரும் மறக்கவில்லை. அந்தச் சொல்லைக் கேட்டாலே வயிறு கலங்குகிறது. ஆனால் பிள்ளை ‘மல வருதாம்’ என்று சொல்கிறது, ‘மல வருது’ என்று சொல்லவில்லை. அந்த ‘ஆம்’ இருக்கும் வரைக்கும் மலை அதன் கைக்குள் இருக்கிறது. இரண்டு நாள் போனால் போர்வைக்குள்ளிருந்து ஒருவரை இழுத்து எடுப்பார்கள். பிறகு ஒரு டொக்டர் வருவார். ஆமிக்காரர் வருவார். சோறு சமைப்பார்கள். கதை நகர்கிறது என்றால் பிள்ளையும் நகர்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

நகராத பிள்ளையும் உண்டு. ஒரே ஆட்டம், ஒரே இடத்தில் வந்து நிற்கும். மற்றவர்களைச் சேர்க்காது, முகத்தில் சிரிப்பு இருக்காது. விளையாடி முடிந்த பிறகு இன்னும் பயந்திருக்கும், இரவில் தூங்காது. இது வாரக்கணக்கில் போனால் வகுப்பு டீச்சரிடம் சொல்லுங்கள், பிரதேசத்து ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவில் காட்டுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் விளையாட்டைத் தடுத்துவிட்டால் இந்த வித்தியாசத்தை நாம் காணவே மாட்டோம்.

அமெரிக்காவில் சிக்காகோ பல்கலைக்கழகத்தின் பாடசாலையில் விவியன் பேலி என்று ஒரு பாலர் வகுப்பு டீச்சர் இருந்தார். 2019இல் காலமானார். அவருடைய முறை மிக எளிது. பிள்ளை கதை சொல்லும். டீச்சர் பக்கத்தில் இருந்து பிள்ளையின் வாயில் வந்தபடியே எழுதிக்கொள்வார். பிறகு எல்லோரும் வட்டமாக இருந்து அந்தக் கதையை நடிப்பார்கள். 1990இல் வந்த அவருடைய புத்தகம் ஒன்றில் ஒரு சிறுவன் எந்நேரமும் தான் ஒரு ஹெலிகொப்டர் என்றே சொல்லிக்கொண்டிருப்பான். யாரோடும் சேரமாட்டான், விசிறி உடைந்துவிட்டது என்பான். டீச்சர் அவனைத் திருத்தப் போகவில்லை. மற்றப் பிள்ளைகள்தான் மெல்ல மெல்லத் தங்கள் கதைகளுக்குள் அந்த ஹெலிகொப்டருக்கு இறங்க இடம் கொடுத்தார்கள். இதற்கு அமெரிக்கச் சாமான் ஒன்றும் தேவையில்லை. பாதி எழுதிய பழைய கொப்பி, ஒரு பென்சில், பத்து நிமிடம் போதும்.

எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். பிள்ளை ‘அட்ட கடிச்சிருச்சு’ என்றால் அப்படியே எழுதுங்கள். அதை ‘அட்டை கடித்துவிட்டது’ என்று திருத்திக்கொண்டிருந்தால் கதை அங்கேயே செத்துவிடும். தோட்டத்துப் பேச்சைக் கேட்டுச் சிரிக்கும் ஆசிரியர்களை நாங்கள் கண்டிருக்கிறோம். எங்கள் ஆட்களின் ‘வாப்பா, ராத்தா’வைக் கேட்டுச் சிரித்தவர்களும் உண்டு. எழுத்துத் தமிழ் வரட்டும், அது எங்கள் வேலை, நாங்கள் சொல்லிக் கொடுப்போம். ஐந்து வயதுப் பிள்ளையின் வாயை மூடிவிட்டு அனுப்பினால் எங்களால் எதைச் சொல்லிக் கொடுக்க முடியும்?

பொம்மையும் விளையாட்டும் மார்க்கத்துக்குச் சரியா என்று எங்கள் ஆட்களில் சிலர் கேட்பார்கள். அபூதாவூதில் வரும் ஹதீஸை அவர்களுக்கு ஞாபகப்படுத்துகிறோம். ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுச் சாமான்களுக்கு நடுவில் துணியால் இரண்டு இறக்கை வைத்த ஒரு குதிரை இருந்தது. குதிரைக்கு இறக்கையா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். சுலைமான் நபியிடம் இறக்கை உள்ள குதிரைகள் இருந்ததை நீங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று பதில் வந்தது. நபியவர்கள் கடைவாய்ப் பல் தெரியச் சிரித்தார்கள். குதிரையைப் பிடுங்கவும் இல்லை, இறக்கையைத் திருத்தவும் இல்லை. தமிழ்ப் பக்கம் பார்த்தால், பிள்ளைத்தமிழில் சிற்றில் என்றே ஒரு பருவம் இருக்கிறது. மண்வீடு கட்டி, மண்சோறு ஆக்கி விளையாடும் விளையாட்டு அது. பிள்ளைத்தமிழை இந்துப் புலவர்களும் பாடினார்கள், முஸ்லிம் புலவர்களும் பாடினார்கள். மண்சோற்றுக்கு இலக்கியத்தில் இடம் கிடைத்தது. முன்பள்ளியில்தான் இடம் இல்லை என்கிறார்கள்.

போன் விஷயத்தில் நீண்ட பிரசங்கம் வேண்டாம். போனில் கதை ஓடும், பிள்ளை பார்க்கும். அதில் ‘நீ... ஆம்’ என்று சொல்ல ஆள் இல்லை. சண்டை போட்டு, சமாதானமாகி, “சரி, இந்த முற நீ தொர” என்று விட்டுக்கொடுக்கவும் ஆள் இல்லை. மழை நாளில் இஸ்தோப்பில் நாலு பிள்ளைகள் சத்தம் போட்டால் தலைவலிக்கத்தான் செய்யும். மலையில் எட்டு மணித்தியாலம் நின்றுவிட்டு வரும் தாய்க்கு அது எவ்வளவு என்று எங்களுக்குத் தெரியும். அதனால்தான் இந்த வேலையை முன்பள்ளியும் புள்ளக்காம்பராவும் எடுத்துச் செய்ய வேண்டும் என்கிறோம். அங்கே இதற்கென்றே ஆள் இருக்கிறார்கள், இடம் இருக்கிறது.

ஆகவே அடுத்த பெற்றோர் கூட்டத்தில் ஒன்றே ஒன்று கேளுங்கள். மேசை இருக்கட்டும், ஒரு நாளைக்கு முக்கால் மணித்தியாலம் அந்த மூலையைத் திருப்பித் தாருங்கள். “என்ன எழுதினாய்?” என்று மட்டும் கேட்கும் பெற்றோர், “இன்னைக்கு யாராம் நீ?” என்றும் கேட்டுப் பாருங்கள். பதில் எவ்வளவு நீளமாக வருகிறது என்று இங்கே கீழே எழுதுங்கள். பிள்ளையின் பெயர் வேண்டாம், படமும் வேண்டாம். கதை மட்டும் போதும்.

எங்கள் தரம் ஒன்று வகுப்பிலும் இந்தத் தவணையில் ஒரு மூலை போடுகிறோம். பழைய கூடை, படங்குத் துண்டு, துவாய், ஓட்டைச் சட்டி, வெற்று மீன் டின் (விளிம்பைத் தட்டி மழுக்கிவிட்டு), உடைந்த குடை, எதுவானாலும் கழுவிக் காயவைத்து அனுப்புங்கள். பிளாஸ்டிக் துவக்கு வேண்டாம். தராசு ஒன்று யாரிடமாவது இருந்தால் முதலில் சொல்லுங்கள். போன முறை அதற்குத்தான் பெரிய சண்டை.