துணை வந்த பிறகுதானா?

பௌத்தம் படிக்க ஆசை என்பார்கள். உடனே, "பெருமாநல்லூரில் விகாரை ஏது, பிக்கு ஏது? பனியன் கம்பெனிக்காரர்கள் நடுவே யாரிடம் போய்க் கேட்பது?" என்று கையை விரிப்பார்கள். நல்ல சாக்கு!

உ. வே. சாமிநாதையர் மணிமேகலையைப் பதிப்பிக்க முனைந்தபோது, கும்பகோணத்தில் சந்தேகம் கேட்கப் பௌத்தர் எவரும் அகப்படவில்லை. அவர் சைவ மடத்தில் பயின்றவர். உடன் வேலை பார்த்த மளூர் ரங்காசாரியார் ஆங்கில நூல்களைப் படித்துப் பொருள் சொன்னார், அவரும் பௌத்தரல்லர். 1898-இல் மணிமேகலை வெளிவந்துவிட்டது.

இன்றோ, அம்பேத்கரின் 'புத்தரும் அவர் தம்மமும்' தமிழிலேயே கிடைக்கிறது. இன்னும் என்ன தயக்கம்?

சங்கமும் மும்மணிகளில் ஒன்றுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் போதி மரத்தடியில் உட்கார்ந்தவரையே உடனிருந்த ஐவரும் விட்டுப் போயிருந்தார்கள். சங்கம் பிறகுதான் வந்தது.