பட்டியல் சொல்லாத ஊர்

பட்டம் வாங்கியவர்கள் சிங்கப்பூர், டொராண்டோ, பெர்லின் என்று சம்பளத்தையும் வாழ்க்கைத்தரப் பட்டியலையும் பார்த்துத்தான் ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டும், கொல்கத்தாவுக்கெல்லாம் போவது வயதை வீணடிப்பது என்கிறார்கள் பலர். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை.

1907இல் சென்னை மாநிலக் கல்லூரியில் எம்.ஏ. முடித்த சி.வி. ராமன், பதினெட்டு வயதில் நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தா வந்தார். இங்கிலாந்துக் குளிர் உடம்புக்கு ஆகாது என்று மருத்துவர் முன்பே தடுத்திருந்தார். டிராமில் போகும்போது பௌபஜார் தெரு 210ஆம் எண் வாசலில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் பலகை கண்ணில் பட, இறங்கிப் போய் அங்கே ஆய்வு செய்ய அனுமதி கேட்டார். பகலில் அரசாங்கக் கணக்கு, காலையும் இரவும் அந்த ஆய்வுக்கூடம். 1917இல் கூடுதல் சம்பளத்தை உதறிவிட்டுப் பேராசிரியரானார். 1928இல் ராமன் விளைவு, 1930இல் நோபல். எந்தப் பட்டியலில் இருந்தது அந்தப் பலகை?

இன்றைய கொல்கத்தாவின் காளிகாட்டுக்கு வந்து பாருங்கள். கோயில் பக்கம் செம்பருத்தி மாலை குவிந்து கிடக்கும். மெட்ரோ நிலையத்திலிருந்து ராஷ்பிகாரி அவென்யூவில் கிழக்கே கொஞ்ச தூரம் நடந்தால் லேக் மார்க்கெட். அங்கே கறிவேப்பிலை, வாழையிலை, காப்பிப்பொடி. குமாஸ்தாவாகவும் தட்டச்சராகவும் மொழி தெரியாமல் வந்திறங்கிய தமிழர்களால் இந்த மணம் பெற்ற கடைத்தெரு அது. வயதை வீணடித்தவர்களா அவர்கள்?

கடன் வாங்கிப் படித்த பிள்ளைக்குச் சம்பளம்தான் முதல் கேள்வி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என்னிடம் யோசனை கேட்டு வருபவர்களிடம், அலுவலகம் முடிந்தபின் அந்த ஊரில் உங்களுக்கு எந்தக் கதவு திறந்திருக்கும் என்றும் விசாரித்துவிட்டு டிக்கெட் எடுங்கள் என்றே சொல்கிறேன்.