எண்பது யானைகளும் பெயரில்லாத ஒரு பெண்ணும்

துருக்கித் தொலைக்காட்சித் தொடர் ஒன்றைப் பற்றி அண்மையில் நண்பர்களிடையே ஒரு விவாதம் எழுந்தது. உஸ்மானியப் பேரரசர் சுலைமானையும், அடிமைப் பெண்ணாக அரண்மனைக்குள் வந்து அவருடைய மனைவியான ஹுர்ரெமையும் பற்றிய 'முஹ்தெஷெம் யூஸ்யில்' என்னும் தொடர் அது. 2011இல் தொடங்கி 2014இல் முடிந்தது. நண்பர்களில் ஒருவர், "பட்டுத்திரை, விஷக்கிண்ணம், பொறாமைப் பார்வை. இதில் வரலாறு எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். இன்னொருவர், "வரலாறு வேண்டுமானால் பாடப்புத்தகத்தைப் படியுங்கள், கதையைக் கதையாகப் பாருங்கள்" என்றார். இருவரும் ஒரே தவற்றைத்தான் செய்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. வரலாறு என்பது அந்தப்புரத்துக்கு வெளியே நடப்பது என்று இருவருமே நம்புகிறார்கள்.

இந்த நம்பிக்கை அவர்களுக்கு மட்டும் உரியதன்று. 2012இல் துருக்கியின் அன்றைய பிரதமர் எர்தோவான் இத்தொடரைக் கண்டித்தபோது, சுலைமான் முப்பது ஆண்டுகளைக் குதிரை முதுகில் கழித்தவர் என்பதைத்தான் தம் வாதமாக வைத்தார். குதிரை முதுகு என்றால் வரலாறு. அரண்மனையின் உள்கட்டு என்றால் கிசுகிசு. இந்தப் பிரிவினை எவ்வளவு பிழையானது என்பதை அறிய நாம் இஸ்தான்புல் வரை போக வேண்டியதில்லை. நான் வசிக்கும் கதிர்காமத்தின் வழியாகச் செல்லும் வழுதாவூர் சாலையே போதும்.

அதற்கு முன் ஒரு ஒப்புதல். என்னுடைய வாசிப்பும் வார இதழ்களிலிருந்து கிழித்தெடுத்துத் தைத்த சரித்திரத் தொடர்களில் தொடங்கியதுதான். கல்கியும் சாண்டில்யனும் இல்லாமல் என் தலைமுறையில் பலர் தமிழில் தடித்த புத்தகம் ஒன்றைக் கையில் எடுத்திருக்கவே மாட்டார்கள். நந்தினியின் சூழ்ச்சிக்காக ராத்தூக்கம் கெட்டவன் நான். ஆகவே அரண்மனைக் காதலும் சதியும் இலக்கியத்துக்கு ஆகாதவை என்று கைகழுவ என்னால் முடியாது. என் குறை வேறு. நம் சரித்திரக் கதைகளின் பின்வரிசையில் அந்தப்புரம் ஒரு வார்ப்பு அச்சாகிவிட்டது. சுரங்கப்பாதை ஒன்று, சேடிப்பெண்கள் நால்வர், பன்னீரும் அகிற்புகையும், ஓலை கொண்டுவரும் ஒற்றன். ஊரையும் நூற்றாண்டையும் மாற்றினாலும் அறை மாறாது.

இந்த அச்சு நமக்கு மட்டும் சொந்தமும் இல்லை. மொந்தெஸ்கியே 1721இல் 'பாரசீகக் கடிதங்கள்' என்னும் புகழ்பெற்ற நூலை வெளியிட்டார். இஸ்பஹானில் உள்ள ஓர் அந்தப்புரமும், அதில் எழும் சூழ்ச்சியும், இறுதியில் வெடிக்கும் கலகமும் அதன் உயிர்நாடி. அவர் பாரசீகத்தைப் பார்த்ததே இல்லை. அங்கர் என்னும் பிரெஞ்சு ஓவியர் 1814இல் வரைந்த அந்தப்புரப் பெண்ணின் ஓவியத்தை உலகமே அறியும். அவரும் கீழ்த்திசைக்கு வந்ததில்லை. ஆங்கிலத் தூதரின் மனைவியாக 1717இல் துருக்கிக்குச் சென்று, அங்குள்ள பெண்களின் வீடுகளுக்குள் உண்மையாகவே நுழைந்த மேரி வொர்ட்லி மாண்டகு, ஆண் பயணிகள் தாங்கள் காணாததை எழுதுகிறார்கள் என்று தம் கடிதங்களில் எள்ளி நகையாடினார். ஆனாலும் உலகம் நம்பியது காணாதவர்களைத்தான்.

பாரிஸில் இந்தக் கற்பனை அந்தப்புரத்தைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்த அதே காலத்தில், பிரெஞ்சுக்காரர்களின் புதுச்சேரிக்கு உண்மையான அந்தப்புரம் ஒன்று நடந்தே வந்து சேர்ந்தது.

1740 மே மாதம் 20ஆம் நாள், தாமல்செருவுக் கணவாயில் ரகோஜி போன்ஸ்லேயின் மராட்டியப் படையை எதிர்த்து நின்ற ஆற்காட்டு நவாப் தோஸ்து அலிகான் கொல்லப்பட்டார். ஐந்தே நாட்களில் அவருடைய விதவை குடும்பத்தோடும் செல்வத்தோடும் புதுச்சேரியின் வழுதாவூர் வாசலில் வந்து நின்று புகலிடம் கேட்டார். கவர்னர் துய்மா ஆலோசனைச் சபையைக் கூட்டினார். உள்ளே விட்டால் மராட்டியர் நகரத்தின் மேல் பாய்வார்கள். விடாவிட்டால் நேற்றுவரை நட்பாயிருந்த நவாபின் குடும்பத்தைச் சாகவிட்ட பழி வரும், நாளை அக்குடும்பம் மீண்டும் தலையெடுத்தால் அதன் பகையும் வரும். கதவு திறந்தது. பீரங்கிகள் முழங்கி மரியாதை செய்தன. 1,500 குதிரை வீரர்கள், 80 யானைகள், 300 ஒட்டகங்கள், இருநூறுக்கும் மேற்பட்ட மாட்டு வண்டிகள், 2,000 பொதி விலங்குகள் என்று மாலெசன் தம் பிரெஞ்சிந்திய வரலாற்றில் கணக்குச் சொல்கிறார். சந்தா சாகிபின் மனைவியும் மகனும் பின்னர் இங்கேயே அடைக்கலம் பெற்றார்கள்.

யானைகள் எண்பது என்று எண்ணி எழுதியவர்கள் பல்லக்கினுள் இருந்த பெண்ணை என்ன சொல்லி அழைக்கிறார்கள்? 'தோஸ்து அலியின் விதவை.' அவ்வளவுதான். அடுத்தவர் 'சந்தா சாகிபின் மனைவி'. ஓர் அரசின் பெருஞ்செல்வத்தையும் வாரிசுகளையும் ஐந்து நாட்களில் பகைவர் கைக்கு எட்டாமல் கொண்டுவந்து, அந்நியரின் கோட்டை வாசலில் நிறுத்திய ஒருத்திக்கு வரலாற்றில் கிடைத்த பெயர் இது. துய்மாவுக்கு இன்றும் இந்நகரில் ஒரு வீதி இருக்கிறது.

அதன்பின் நடந்தது எந்தச் சரித்திரத் தொடருக்கும் குறைந்ததன்று. ரகோஜி கடிதம் எழுதினார்: சந்தா சாகிபின் மனைவியையும் மகனையும், யானை குதிரைகளையும், நகைகளையும் ஒப்படைக்க வேண்டும், கப்பமும் கட்ட வேண்டும். துய்மா மறுத்தார். 1741 மார்ச்சில் திருச்சிராப்பள்ளி வீழ்ந்தது. சந்தா சாகிப் சிறைப்பட்டு சதாராவுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். புதுச்சேரி மட்டும் தப்பியது. எப்படித் தப்பியது என்பதற்கு வரலாற்றாசிரியர்கள் ஒரு கதை சொல்வார்கள். மராட்டியத் தூதரிடம் துய்மா பிரெஞ்சு மதுப்புட்டிகள் சிலவற்றைக் கொடுத்தனுப்பினாராம். அவை ரகோஜியின் கைக்குப் போய், அவர் வீட்டுப் பெண்மணிக்கு மிகவும் பிடித்துப்போயினவாம். இன்னும் வேண்டும் என்று அவர் கேட்க, போர் பேரமாகித் தணிந்ததாம்.

இந்தக் கதை எவ்வளவு உண்மையோ, அதன் அமைப்பைக் கவனியுங்கள். ஒரு பக்கம், நகரத்தின் கோட்டைக்குள் தன் மகனோடு அமர்ந்து, தன் கணவனின் எதிர்காலத்தை ஒரு பிரெஞ்சுக் கவர்னரின் வாக்குறுதியில் கட்டி வைத்திருக்கும் பெண். அவளைப் பற்றி ஒரு வரியும் இல்லை. மறுபக்கம், மதுவின் இனிப்புக்கு மயங்கியதாகச் சொல்லப்படும் பெண். அவள் மட்டும் நூல்தோறும் வருகிறாள். பெண் சலனப்பட்டால் அது செய்தி. பெண் முடிவெடுத்தால் அது கணவனின் பெயரில் பதிவாகும். நம் தொடர்கதைகள் இந்த வழக்கத்தைத்தான் சரித்திரத்திலிருந்து அப்படியே வாங்கிக்கொண்டன.

கதை இத்தோடு முடியவில்லை. தோஸ்து அலியின் ஒரு மகள் சந்தா சாகிபை மணந்தவர். இன்னொரு மகளை மணந்தவர் வேலூர்க் கோட்டையை ஆண்ட முர்தசா அலி. தந்தைக்குப் பின் நவாபான சப்தர் அலி, 1742 அக்டோபரில் வேலூரில் தன் மைத்துனரான இந்த முர்தசா அலியின் விருந்தினராக இருந்தபோது, முதலில் நஞ்சூட்டப்பட்டு, அதில் பிழைத்து, பின்பு ஆட்களை ஏவி வெட்டிக் கொல்லப்பட்டார். முர்தசா அலி ஆற்காட்டில் நவாபாகச் சில காலம் அமர்ந்தார். படை திரும்பிக்கொண்டதும் பெண் உடை தரித்து, மூடுபல்லக்கில் ஏறி, பணிப்பெண்கள் சூழ இரவோடிரவாக வேலூருக்குத் தப்பி ஓடினார் என்று ராபர்ட் ஓர்ம் எழுதுகிறார்.

இப்போது அந்த இரண்டு சகோதரிகளை நினைத்துப் பாருங்கள். ஒருத்தி புதுச்சேரியில், கணவன் ஆயிரம் கல்லுக்கு அப்பால் சிறையில். மற்றொருத்தி வேலூரில், உடன்பிறந்தவனைக் கொன்ற கணவனின் வீட்டில். ஒரே தந்தையின் பிள்ளைகள். அவர்களுக்கிடையே ஓலை போயிற்றா? பழி பேசினார்களா, மௌனம் காத்தார்களா? இதைவிடப் பெரிய நாடகத்தை எந்தச் சுரங்கப்பாதை தந்துவிட முடியும்? இங்கே சூழ்ச்சி உண்டு, நஞ்சு உண்டு, மாறுவேடமும் உண்டு. ஆனால் அவை பொறாமையின் விளைவுகளல்ல. வாரிசுரிமையின், கருவூலத்தின், பிணைத்தொகையின் விளைவுகள். அந்தப்புரம் என்பது இன்பத்துக்கான அறை என்று நாம் படித்துவந்தோம். உண்மையில் அது அரசின் பெட்டகம். வாரிசும் நகையும் முத்திரையும் அங்கேதான் இருந்தன. அதனால்தான் ரகோஜி நகரத்தைக் கேட்கவில்லை, ஒரு பெண்ணையும் அவள் மகனையும் கேட்டார். சந்தா சாகிப் 1748இல் விடுதலையாகி வந்தபோது பிரெஞ்சுக்காரரின் கூட்டாளியாகவே வந்ததற்கும், அடுத்த ஆண்டு ஆம்பூர்ப் போரில் அவர்களோடு சேர்ந்து நின்றதற்கும், அவருடைய குடும்பம் இந்நகரில் கழித்த ஆண்டுகள் ஒரு முக்கியக் காரணம் என்பது என் எண்ணம். தென்னிந்தியாவின் தலைவிதியைத் தீர்மானித்த போர்களின் ஒரு வேர் வழுதாவூர் வாசலில் திறந்த கதவில் இருக்கிறது.

உஸ்மானிய அந்தப்புரத்தைப் பற்றிய பார்வை மாறியதும் இந்த வழியில்தான். லெஸ்லி பியர்ஸ் 1993இல் வெளியிட்ட ஆய்வு நூல், அதை ஒரு குடும்ப அரசியல் நிறுவனமாக எடுத்துக் காட்டியது. அதற்கு உதவியவை வதந்திகளல்ல, ஆவணங்கள். ஹுர்ரெம் சுலைமானுக்கு எழுதிய கடிதங்கள் எஞ்சியிருக்கின்றன. ஜெருசலேமில் ஏழைகளுக்கு உணவளிக்க 1552இல் அவர் ஏற்படுத்திய அறக்கொடையின் பத்திரம் இருக்கிறது. திரைக்குள் இருந்தாலும் சொத்து அவர் பெயரில் இருந்தது. சொத்து இருந்ததால் பெயரும் நின்றது.

நம்மிடமும் இதற்கு இணை உண்டு. சோழர் காலத்து 'வேளம்' என்ற சொல்லைச் சரித்திரத் தொடர்கள் அதிகம் கண்டுகொள்வதில்லை. அரண்மனைப் பெண்டிரின் குடியிருப்பு அது. போரில் பிடிபட்ட பெண்களும் அதில் சேர்க்கப்பட்டார்கள். தோற்றோடிய பாண்டியரின் பெண்கள் வேளம் புகுந்ததைக் கலிங்கத்துப்பரணி கடைதிறப்பில் சிருங்காரமாகப் பாடிச் செல்கிறது. சிறைப்பட்டதன் மேல் சிங்காரத்தைப் போர்த்தும் பழக்கம் நமக்குப் புதியதன்று. ஆனால் அதே வேளத்துப் பெண்டாட்டிகள் கோயில்களுக்கு விளக்கும் கொடையும் அளித்த செய்தி கல்வெட்டுகளில் பதிவாகியிருக்கிறது. பாட்டு அவர்களைக் கூட்டமாகக் கண்டது. கொடைக் கணக்கு ஒருத்தியைத் தனியாகக் கண்டது.

புதுச்சேரிக்கும் ஒரு கணக்குப் புத்தகம் உண்டு. 1736இல் தொடங்கும் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு அது. சரக்கும் கடனும் சபைப் பேச்சும் ஊர் வதந்தியும் ஒன்றாய்க் கலந்த அந்தப் பெருங்கடலில் சந்தா சாகிபின் குடும்பமும் தலைகாட்டுகிறது. ஆனால் பிள்ளை வெளிவாசலோடு நின்றவர். திரைக்கு அப்பால் அவருக்கு அனுமதி இல்லை. அதனால்தான் அந்த இடத்தில் நாவலாசிரியன் தேவைப்படுகிறான். இந்த மண்ணிலேயே பிறந்த பிரபஞ்சன் அந்நாட்குறிப்பை ஆதாரமாகக் கொண்டு 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' என்ற இரு நாவல்களை எழுதி, மன்னர்களல்லாதவர்களுக்கும் சரித்திர நாவலில் இடம் உண்டு என்று காட்டினார். இரண்டாவதற்கு 1995இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அந்த வாசலைத் தாண்டி உள்ளே போக இன்னும் பலர் வேண்டும்.

அவர்களிடம் ஒரு வாசகனாக எனக்கு ஒரு வேண்டுகோள்தான். காதலை எழுதுங்கள், சதியையும் எழுதுங்கள். அவற்றை விட்டுவிட்டால் நாங்கள் ராத்தூக்கம் கெட்டுப் படிக்க மாட்டோம். ஆனால் பன்னீர் வாசனையிலிருந்து தொடங்காதீர்கள். நகைப்பெட்டியின் சாவி யாரிடம் இருந்தது, ஒட்டகங்களுக்குத் தீனி வாங்க யார் பணம் கொடுத்தார்கள், கவர்னரிடம் பேசப் பெண்கள் யாரைத் தூதனுப்பினார்கள், சிறையிலிருந்து கடிதம் வராத மாதங்களில் மகனுக்கு என்ன சொன்னார்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள்.

வழுதாவூர் வாசல் இன்று இல்லை. சாலை இருக்கிறது. கதிர்காமத்தில் அரசு மருத்துவக் கல்லூரியின் முன்னால் பேருந்துக்காக நிற்கும்போதெல்லாம், மேற்கிலிருந்து ஒரு மே மாத வெயிலில் இந்தப் பக்கமாக வந்திருக்கக்கூடிய அந்த ஊர்வலம் நினைவுக்கு வருகிறது. யானைகளை எண்ணியாகிவிட்டது. பல்லக்கில் இருந்தவரைப் பெயர் சொல்லி அழைக்கும் நாவலுக்காகத்தான் காத்திருக்கிறேன்.