பட்டியலில் வாவி எங்கே?

கொழும்பின் எல்எம்டி வணிகச் சஞ்சிகை வெளியிடும் முதல் 100 நிறுவனங்களின் பட்டியலில் மட்டக்களப்புக்கு இடமில்லை, அது விளம்பரம் கொடுப்பவர்களின் பட்டியல் என்கிறார்கள்.

முதலில், அது கொழும்புப் பங்குச் சந்தையில் பதிவான நிறுவனங்களின் பட்டியல். வரிசை ஆண்டு வருமானப்படி. ஆண்டறிக்கைகள் பகிரங்கமாகக் கிடைக்கின்றன. குற்றம் சாட்டுகிறவர்களில் எத்தனை பேர் அவற்றைப் புரட்டிச் சரிபார்த்தார்கள்?

அடுத்து, மட்டக்களப்பு மாவட்டத்தின் வாழைச்சேனைக் காகித ஆலை அரசுடையது. பங்குச் சந்தைக்கே வராத ஆலை பட்டியலில் எப்படி வரும்? மட்டக்களப்பு வாவிக்கரையிலோ, விடியற்காலை தோணியால் இறக்கிய இறால் தராசில் ஏறுகிறது. ஈரக் கையிலேயே காசு எண்ணிக் கொடுக்கப்படுகிறது. இதற்கு ஆண்டறிக்கை ஏது? சஞ்சிகை இதை மறைக்கவில்லை. அதன் அளவுகோலுக்குள் இது விழவே இல்லை.

சந்தேகம் வேண்டும், ஆனால் சரியான இடத்தில். அமெரிக்காவின் ஃபோர்ச்சூன் சஞ்சிகை, என்ரான் நிறுவனத்தைத் தொடர்ந்து 6 ஆண்டுகள் மிகப் புதுமையான நிறுவனம் என்றது. 2001 டிசம்பரில் என்ரான் திவாலானது. அந்தப் பட்டம் நிர்வாகிகளிடமும் ஆய்வாளர்களிடமும் கருத்துக் கேட்டுக் கொடுத்தது. அதே ஆண்டு ஃபோர்ச்சூனின் வருமானப் பட்டியலில் என்ரானுக்கு 7ஆம் இடம். அந்த வருமானக் கணக்கே ஊதிப்போயிருந்தது. விளம்பரதாரர் இதில் எங்கே வந்தார்? கணக்காய்வாளரை அல்லவா கேட்டிருக்க வேண்டும்?

எல்எம்டி சஞ்சிகையிடம் கேட்க வேண்டியதும் உண்டு: வாவி இறால் வியாபாரத்தைப் பற்றி எழுத அதன் நிருபர் கடைசியாக மட்டக்களப்பின் கல்லடிக்கு வந்தது எப்போது?